மரத்துக்கு எண் போட்டுவிட்டார்கள்: மனுவா, கோர்ட்டா, தெருவா, பேச்சுவார்த்தையா?

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், வசந்த் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு பழைய பங்களாவோ, குவார்ட்டர்ஸோ, பூட்டிக்கிடந்த தொழிற்சாலையோ கைமாறுகிறது. சில வாரங்களில் உள்ளே இருக்கும் மரங்களின் அடியில் பெயின்டால் எண் எழுதிவிடுகிறார்கள். மால் வருகிறதாம், ஆபீஸ் கட்டடம் வருகிறதாம். குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் ஒருவர் கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை மனிதச் சங்கிலி என்கிறார், இன்னொருவர் பில்டரையே நேரில் பார்த்துப் பேசினால் என்ன என்று கேட்கிறார், மனு கொடுத்து இந்த ஊரில் என்ன நடந்திருக்கிறது என்று ஒருவர் சலித்துக்கொள்கிறார். இந்தப் பேச்சிலேயே பத்து நாள் ஓடிவிடும். அதற்குள் ரம்பம் வந்துவிடும்.

நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழியில் போனாலும் ஆட்சேபனை மனு முதலில் உள்ளே போயிருக்க வேண்டும். அப்புறம் எது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்யும். நிலம் யாருடையது, காகிதம் எந்த மேசை வரை நகர்ந்திருக்கிறது.

## முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

நிலமும் மரமும் யாருடையவை? தனியார் மனைக்குள் நிற்கும் மரம் வேறு, சுற்றுச்சுவருக்கு வெளியே நடைபாதையில் நிற்கும் மரம் வேறு. வணிகக் கட்டடம் என்றால் இரண்டாவது வகைக்கும் ஆபத்துதான்: கார் உள்ளே போகும் வழியில் நிற்கிறது, கட்டட முகப்பை மறைக்கிறது, போர்டு தெரியவில்லை. சாலையோர மரம் பொதுச் சொத்து. அதை வெட்டக் கேட்டிருந்தால் உங்கள் பேச்சுக்குக் கூடுதல் வலு உண்டு.

எத்தனை மரம், என்ன மரம்? கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 எல்லா மரத்தையும் ஒரே மாதிரி காப்பதில்லை. தென்னை, சவுக்கு, தைலமரம், சுபாபுல், சில்வர் ஓக் மாதிரி சில வகைகளுக்கு அனுமதியே தேவையில்லை. ஆகவே 'அறுபது மரம் போகிறது' என்று பதறுவதற்கு முன் அதில் எத்தனை தென்னை, எத்தனை மழைமரம், ஆல், அரசு, நாவல், புங்கம் என்று எண்ணிவிடுங்கள்.

எத்தனை நாள் இருக்கிறது? வெட்டக் கேட்டிருக்கும் பட்டியலில் மரங்கள் 50-ஐத் தாண்டினால், வெட்ட அனுமதி தரும் மர அதிகாரி பொது அறிவிப்பு கொடுத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் பத்து நாள். 50-க்குக் கீழே என்றால் அறிவிப்பு உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். ஒரே மனையை இரண்டு மூன்று விண்ணப்பங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 50-க்குள் அடக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

காகிதம் எங்கே இருக்கிறது? கட்டட வரைபடம் அனுமதியாகிவிட்டதா? 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடம் என்றால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்துவிட்டதா, கிடைத்து எத்தனை நாளாகிறது? இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடி யார் மேல் விழும்? இதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பூ விற்கும் அம்மா, பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், இவர்களெல்லாம் உங்கள் போராட்டத்தில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் யார் வந்து மிரட்டுவார்கள்? சொந்த வீட்டுக்காரருக்கு இல்லாத ஆபத்து அவர்களுக்கு உண்டு.

ஒரு பார்வைக்கு:

| வழி | வேகம் | கைச்செலவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| ஆட்சேபனை மனு | நாட்கள் | மிகக் குறைவு | அலைச்சல், ஒரு ஆள் முழுநேரமாக வேண்டும் | எப்போதும், எல்லோருக்கும் |
| கோர்ட், தீர்ப்பாயம் | தடை கிடைத்தால் ஓரிரு நாள், தீர்ப்புக்கு வருடங்கள் | அதிகம் | தோற்றால் அந்த இரவே ரம்பம் | விதிமீறல் கையில் ஆவணமாக இருந்தால் |
| தெருப் போராட்டம் | சொல்ல முடியாது | குறைவு | எஃப்ஐஆர், ஏழைகள் மேல் அழுத்தம் | அரசுத் திட்டம், அரசு நிலம் |
| பேச்சுவார்த்தை | வாரங்கள் | குறைவு | தெருவுக்குள் பிளவு, வாய்ச்சொல் | தனியார் மனை, வரைபடம் முடிவாகும் முன் |

## ஆட்சேபனை மனு

மனுவால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மோசமான மனுவைக் கொடுத்தவர்கள். 'மரங்கள் நமக்கு ஆக்சிஜன் தருகின்றன, தயவுசெய்து வெட்டாதீர்கள்' என்று இருநூறு பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் அதிகாரி அதை ஒரே ஆட்சேபனையாகக் கட்டி வைத்துவிடுவார். சட்டப்படி அவர் பார்க்க வேண்டியது ஒவ்வொரு மரத்தையும். ஆகவே மனுவும் மரம் மரமாக இருக்க வேண்டும்.

தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில், மரத்தைச் சுற்றி அளந்தால் வருவதுதான் வனத்துறை கணக்கில் எடுக்கும் சுற்றளவு. எண், வகை, சுற்றளவு, மனை எல்லையிலிருந்து தூரம், கூடு இருக்கிறதா, பொந்து இருக்கிறதா, அடிமரம் ஆரோக்கியமாக இருக்கிறதா, எண் தெரிகிற மாதிரி ஒரு படம். இப்படி எழுதினால் ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்: 'மரம் எண் 31, மழைமரம், சுற்றளவு 290 செ.மீ., கிழக்குச் சுற்றுச்சுவரிலிருந்து 2 மீட்டர் உள்ளே, கட்டடம் கட்டும் பகுதிக்கு வெளியே நிற்கிறது, நோய் எதுவும் தெரியவில்லை, இதை வெட்ட என்ன காரணம்?' அந்தக் கடைசிக் கேள்விக்கு அதிகாரி கோப்பில் பதில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அதுவே பிறகு மேல்முறையீட்டில் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆயுதம்.

அளக்கும்போது பட்டியலில் இருக்கும் மரமும் தரையில் இருக்கும் மரமும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். எண் விட்டுப்போயிருக்கும், ஆலமரத்தை வேறு பெயரில் எழுதியிருப்பார்கள், சுற்றளவு குறைத்துக் காட்டியிருக்கும். இந்த மாதிரி ஒரு பிழையைப் படத்தோடு காட்டினால் பட்டியலையே மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மொழி விஷயம். நம்மில் பலருக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவதுதான் வழக்கம். கன்னடத்தில் கொடுங்கள், ஆங்கிலப் பிரதியைப் பின்னால் இணையுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடமோ, கன்னட மீடியத்தில் படித்த உங்கள் பிள்ளையிடமோ கேட்டால் ஒரு மாலையில் எழுதிவிடலாம். இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. கோப்பைக் கையில் வைத்திருக்கும் கீழ்நிலை ஊழியர் படிக்கிற மொழி அதுதான். இன்னொன்றும் உண்டு: 'வெளியூர்க்காரர்கள் வந்து நம் ஊர் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள்' என்று யாராவது திருப்பிவிடப் பார்த்தால் அதற்கு இடமே இல்லாமல் போகும். கையெழுத்துப் பட்டியலில் தமிழ், கன்னட, உருதுப் பெயர்கள் கலந்து இருக்கட்டும், நம் தெருக்களில் அப்படித்தானே வாழ்கிறோம்.

எங்கே கொடுப்பது? 2025 செப்டம்பரிலிருந்து பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி இல்லை. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் இருக்கின்றன. உங்கள் தெரு எந்த மாநகராட்சி எல்லையில் வருகிறது, அதற்கு மர அதிகாரி யார் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு பத்து நாளைத் தின்றுவிடும். மின்னஞ்சலும் அனுப்புங்கள், ஆனால் நேரில் போய்க் கொடுத்துப் பிரதியில் தேதியோடு சீல் வாங்குவதை விட்டுவிடாதீர்கள்.

இதன் மறைமுகச் செலவு பணம் அல்ல, ஆள். வேலைக்குப் போகிறவர்களால் மூன்று முறை அலுவலகம் ஏறி இறங்க முடியாது. ஓய்வுபெற்ற ஒருவர், அல்லது மாலை ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர், இதைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஆவணம் கேட்கலாம் என்பார்கள். கேளுங்கள், ஆனால் பதில் வர 30 நாள் ஆகும், ஆட்சேபனைக்கு இருப்பது பத்து நாள். அதை நம்பிக் காத்திருக்க முடியாது. நேரில் போய்க் கோப்பைப் பார்க்கக் கேட்பதுதான் வேகம்.

2025-இல் கண்டோன்மென்ட் ரயில்வே காலனியில் வணிகத் திட்டத்துக்காக 368 மரங்களை வெட்ட ஆட்சேபனை கேட்டு அறிவிப்பு வந்தபோது ஊர் முழுவதும் மனுக்கள் குவிந்தன. வசந்த் நகரில் இருப்பவர்கள் மட்டும் எழுதவில்லை, அந்த மரங்களுக்குக் கீழே ஒரு முறை நடந்தவர்களும் எழுதினார்கள். ஒரு மனை விவகாரமாக முடிந்திருக்க வேண்டியதை நகர விவகாரமாக மாற்றியது அந்த அறிவிப்பும் அதற்கு வந்த பதில்களும்தான். ஆட்சேபனை சொல்ல அதே தெருவில் வீடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அனுமதி உத்தரவு வந்துவிட்டாலும் கதை முடியாது. சட்டத்தில் மர அதிகாரிக்கு மேலே இருக்கும் மர ஆணையத்திடம் மேல்முறையீடு இருக்கிறது. உத்தரவு கையில் கிடைத்த அன்றே அதை எழுத உட்கார்ந்துவிடுங்கள்.

## கோர்ட்டும் பசுமைத் தீர்ப்பாயமும்

உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு என்றதும் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. தெம்பு நியாயம்தான், டெல்லியில் அப்படி நடந்திருக்கிறது. 2018-இல் சரோஜினி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 16,500 அளவில் மரங்கள் போகப்போகின்றன என்று தெரிந்ததும் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள், ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றத்தில் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஆனால் நௌரோஜி நகரில் அதற்கு முன்பே பெரும்பகுதி மரங்கள் போய்விட்டன. அங்கே இன்று நிற்பது வணிக வளாகம்.

மும்பை ஆரே இன்னும் கசப்பான பாடம். மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 4 அன்று தள்ளுபடி செய்தது. அன்று இரவே வெட்டு ஆரம்பித்தது. தடுக்கப் போன 29 பேர் கைதானார்கள். அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,141 மரங்கள் ஏற்கெனவே தரையில் கிடந்தன. வழக்குப் போடுகிறவர்கள் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியது இதுதான்: நாம் தோற்றாலும், மேல்முறையீட்டுக்குப் போகும் வரை இடைக்காலத் தடை தொடர வேண்டும் என்று வாய்மொழியாக அல்ல, மனுவிலேயே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் தீர்ப்பு நாளுக்குப் போவது ஆபத்து.

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கர்நாடகத்துக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, நமக்குப் பழகிய ஊர், அங்கேயே போட்டுவிடலாம் என்பார்கள். தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடியது அதன் சட்ட அட்டவணையில் இருக்கும் மத்தியச் சட்டங்களை ஒட்டிய வழக்குகளை மட்டுமே: நீர், காற்று, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர் என்று. மாநில மரச் சட்டம் அதில் இல்லை. ஆகவே 'மர அதிகாரி தப்பான அனுமதி கொடுத்தார்' என்பது மட்டும் உங்கள் வழக்கென்றால் அங்கே நிற்காது, உயர் நீதிமன்றம்தான். ஆனால் பெரிய கட்டடத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியில் கோளாறு இருந்தால், இருக்கும் மரங்களை மறைத்திருந்தால், ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயையோ ஏரி எல்லையையோ மறைத்திருந்தால், அப்போது தீர்ப்பாயம் சரியான இடம். அந்த அனுமதியை எதிர்க்க 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். பரிவேஷ் தளத்தை முதல் நாளே பாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இது.

செலவு? வக்கீல்களில் சிலர் இந்த மாதிரி வழக்குக்குக் காசு வாங்காமல் நிற்பார்கள். ஆனாலும் நகல், மொழிபெயர்ப்பு, தட்டச்சு, கோர்ட் கட்டணம், வரைபடம் என்று கை நழுவிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் மூத்த வக்கீல் வருவார். முதல் மூன்று மாதம் வசூல் நடக்கும், பிறகு வழக்கைப் போட்ட ஒருவர் தோளில் மட்டும் சுமை தங்கிவிடும். யார் பெயரில் வழக்கு, யார் கணக்கு வைப்பது, எவ்வளவு வரை போவது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுத்தனமாக வெட்டிவிட்டார்கள் என்றால் மட்டும் கோர்ட் பக்கம் தயங்கவே வேண்டாம். 2025 மார்ச்சில், மதுரா பக்கம் அனுமதியில்லாமல் வெட்டிய 454 மரங்களுக்கு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆவணத்தோடு போகிறவருக்குக் காற்று இப்போது சாதகமாகவே அடிக்கிறது.

## தெரு

எஃகு மேம்பாலம் நினைவிருக்கும். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர், 800-க்கும் மேற்பட்ட மரங்கள். 2016 அக்டோபர் 16 அன்று 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா' (வேண்டாம்) என்று ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்கள், 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. அதை நினைத்துத்தான் எல்லோரும் மனிதச் சங்கிலி என்கிறோம்.

ஆனால் அது அரசுத் திட்டம். அரசுக்கு ஓட்டு வேண்டும், வாபஸ் வாங்குவதும் அதன் கையில் இருந்தது. தனியார் மனையில் மால் கட்டுகிறவருக்கு உங்கள் ஓட்டு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு திங்கட்கிழமை அவர் வேலையைத் தொடரலாம். அவருக்குக் கவலை தருவது இரண்டே விஷயம்: தாமதமும், வாடகைக்கு வரப்போகும் பெரிய கம்பெனிகளின் பார்வையில் கெட்ட பெயரும். அந்த இரண்டையும் தொடாத போராட்டம் நம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

நிலம் ரயில்வேயுடையது, மாநகராட்சியுடையது, அரசு நிறுவனத்துடையது என்றால் மட்டும் தெருவுக்கு முதல் இடம் கொடுப்பேன். அங்கே கேள்வி கேட்க எம்எல்ஏ இருக்கிறார், எம்பி இருக்கிறார், அமைச்சர் இருக்கிறார்.

மறைமுகச் செலவு இங்கேதான் பெரியது. 2021-ஆம் ஆண்டின் அரசாணைப்படி பெங்களூரில் போராட்டம் நடத்த அனுமதிக்கப்பட்ட இடம் ஃப்ரீடம் பார்க். மரத்தடியில் பதாகை பிடித்து நின்றால் எஃப்ஐஆர் வரலாம், வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது என்ன சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய கவலை, மரத்தடியில் பிழைப்பவர்கள். இஸ்திரி வண்டிக்காரரை மேடையில் ஏற்றிப் பேசவைப்பது படத்துக்கு அழகு, மறுநாள் அவர் வண்டியை யாராவது அப்புறப்படுத்தினால் நாம் போய் நிற்போமா? நிற்போம் என்று உறுதி இருந்தால் மட்டும் அவரை முன்னால் நிறுத்துங்கள்.

எஃப்ஐஆர் வராத வடிவங்களும் இருக்கின்றன. மரங்களை எண்ணும் நடை, பறவை பார்க்கும் காலை, மரத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு மணி நேரம். கூட்டம் கூடும், பத்திரிகை வரும், அங்கேயே மனுவில் கையெழுத்தும் வாங்கலாம். அரசமரத்தடியில் நாகர் கல் இருந்தால் அந்த மேடைக்கு விளக்குப் போடும் பெண்களைக் கேளுங்கள், அவர்களைவிட உறுதியான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

## பேச்சுவார்த்தை

பில்டரோடு பேசுவது என்றாலே விலைபோவது என்று ஒரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. தனியார் மனையில், வரைபடம் முடிவாகும் முன்பு, மிக அதிக மரங்களைக் காப்பாற்றக்கூடிய வழி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து போக வேண்டும்.

'மரத்தை வெட்டாதீர்கள்' என்று கேட்டால் 'முயற்சி செய்கிறோம் மேடம்' என்று காபி கொடுத்து அனுப்புவார்கள். வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். வணிகக் கட்டடத்தில் மரங்களைக் கொல்வது பெரும்பாலும் மேலே எழும்பும் கட்டடம் அல்ல, கீழே தோண்டும் பார்க்கிங். அடித்தளம் சுற்றுச்சுவரை ஒட்டி வரை தோண்டப்படும்போது, ஓரத்தில் நிற்கும், கட்டடத்துக்கு இடைஞ்சலே இல்லாத மரங்களும் வேர் இழந்து போகின்றன. இரண்டாவது, தீயணைப்பு வண்டி போவதற்கு உயரமான கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய 6 மீட்டர் பாதை. அதுவும் சுற்றுச்சுவர் ஓரத்து மரங்களின் மேல்தான் வந்து விழும். ஆகவே கேட்க வேண்டியது: பெரிய மரங்கள் நெருக்கமாக நிற்கும் மூலையில் மட்டும் அடித்தளத்தை உள்ளே இழுக்க முடியுமா? அந்த இடத்துக்கு ஈடாக அடுக்கு பார்க்கிங் வைக்க முடியுமா? நுழைவாயிலை இரண்டு மரங்களுக்கு நடுவில் கொண்டுவர முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஆர்க்கிடெக்ட் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தெரிந்த ஆர்க்கிடெக்டையோ சிவில் இன்ஜினியரையோ உங்கள் பக்கம் உட்காரவைத்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அவருக்கும் லாபம் உண்டு என்பதைச் சொல்லுங்கள். பெரிய கட்டடங்களுக்கான சுற்றுச்சூழல் நிபந்தனையில் மனையின் ஒவ்வொரு 80 சதுர மீட்டருக்கும் ஒரு மரம் இருக்க வேண்டும், ஏற்கெனவே நிற்கும் மரங்களும் அந்தக் கணக்கில் சேரும். உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று, மேற்கு வங்கத்தில் 356 மரங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒரு மரத்தின் மதிப்பைக் கணக்கிட அதன் வயதை 74,500 ரூபாயால் பெருக்கச் சொன்னது. ஐம்பது வயது மழைமரத்துக்கு அந்தக் கணக்கில் 37 லட்சம் தாண்டும். அதைச் சட்டமாக யாரும் வசூலிப்பதில்லை, ஆனால் மேசையில் வைக்க நல்ல எண். பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்றில் மரம் இருக்கும் தெருக்களில் பிற்பகல் காற்று வெப்பம் 5.6 டிகிரி வரை, தார்ச்சாலையின் வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருந்தது. கண்ணாடிக் கட்டடத்தின் ஏசி பில்லைக் கட்டப்போகிறவருக்கு இது புரியும்.

இப்போது பேச்சில் வரும் இரண்டு பொறிகள். ஒன்று, 'வெட்டவில்லை, வேறு இடத்தில் நடுகிறோம்'. ஆல், அரசு, அத்தி இனங்கள் இடமாற்றத்தை ஓரளவு தாங்கும். பெரிய மழைமரத்தையோ பெருங்கொன்றையையோ வேரையும் கிளையையும் வெட்டித் தூக்கி நட்டு, முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும்? டெல்லி அரசு 2022-இல் உயர் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கிலேயே, இடம் மாற்றி நட்ட மரங்களில் பிழைத்தது மூன்றில் ஒரு பங்குதான். அதனால் இடமாற்றத்துக்குச் சம்மதிப்பதென்றால் எந்த மரம், எங்கே, மூன்று வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது, செத்தால் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, 'ஒன்றுக்குப் பத்து'. பத்துக் கன்றுகள் ஒரு நிழல் ஆகாது. அதுவும் கன்று நடும் இடம் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும், வெயில் காயப்போவது அல்சூர்க்காரர். எண்பதுகளில் வன அதிகாரி நெகின்ஹால் இந்த நகரத்தில் 15 லட்சம் மரங்களை நட்டார் என்றால், கன்றை நட்டுவிட்டுப் போகாமல் ஆடுமாடு கடிக்காத உயரம் வரை வளர்த்து, வேலி போட்டு, தெருக்காரர்களைக் காவலாக்கிச் செய்தார். அதே நேர்த்தியோடு நம் வட்டாரத்திலேயே நடுவேன் என்று பில்டர் எழுதிக் கொடுத்தால் ஏற்கலாம், ஆனால் வெட்டுவதற்கான விலையாக அல்ல.

இந்த வழியின் மறைமுகச் செலவு தெருவுக்குள்ளேயே வரும். சங்கத்துக்கு அலுவலகக் கட்டடம், பார்க்குக்கு உடற்பயிற்சிக் கருவி, பிள்ளையார் கோயிலுக்கு நன்கொடை என்று ஏதாவது வரும், அப்புறம் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவோம். தனியாக யாரும் பேசப் போகக்கூடாது, குறைந்தது மூன்று பேர், ஒவ்வொரு சந்திப்புக்கும் குறிப்பு, அது அன்றைக்கே குழுவில் வர வேண்டும், பணமோ பொருளோ எதுவும் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது ஆட்சேபனைக் கெடு முடிந்துவிடாமலும் பார்க்க வேண்டும். 'மனுவை வாபஸ் வாங்கினால் பேசலாம்' என்று சொன்னால் அந்தப் பேச்சு வேண்டாம்.

## உங்கள் நிலைமைக்கு எது?

தனியார் மனை, விண்ணப்பம் இப்போதுதான் போயிருக்கிறது, மரங்கள் 50-க்குள்: மனு கொடுத்துவிட்டு அதே வாரம் பில்டரிடம் போங்கள். கோர்ட் வேண்டாம், இன்னும் எதிர்க்க ஒரு உத்தரவே வரவில்லை.

தனியார் மனை, சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்து 30 நாள் ஆகவில்லை, அதில் காட்டிய மரக் கணக்கு தப்பு: வக்கீலிடம் போங்கள், இன்றைக்கே.

அரசு அல்லது ரயில்வே நிலம், பொது அறிவிப்பு வந்திருக்கிறது: மனுக்களை நகரம் முழுவதிலிருந்தும் வரவையுங்கள், தெருவில் நில்லுங்கள், மக்கள் பிரதிநிதியைக் கேளுங்கள். இடம் பெரியது, மரங்கள் பழையவை என்றால் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவும் கேட்கலாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, தேவனஹள்ளி பக்கத்து நல்லூர் புளியந்தோப்பு 2007-இல் அப்படி அறிவிக்கப்பட்டதுதான், நாட்டிலேயே முதல். மாதக்கணக்கில் ஆகும் வேலை, அதனால் மற்றதை நிறுத்திவிட்டு இதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சாலையோரத்தில் ஒன்றிரண்டு மரம், புதுக் கடையின் முகப்பை மறைக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்: மர அதிகாரியிடம் படத்தோடு ஒரு மனு, போர்டை இரண்டு அடி நகர்த்தச் சொல்லிக் கடைக்காரரிடம் ஒரு பேச்சு. பெரும்பாலும் இதிலேயே முடியும்.

உத்தரவு வந்துவிட்டது, ரம்பம் வாசலில்: முதலில் உத்தரவின் நகலைக் கேளுங்கள், தேதியையும் மர எண்களையும் படம் எடுங்கள். பட்டியலில் இல்லாத மரத்தில் கை வைத்தால் 112-க்குப் போன் செய்து போலீஸையும் மர அதிகாரியையும் வரச்சொல்லுங்கள். இன்னொரு பக்கம் வக்கீல் கோர்ட்டில் அவசர விசாரணை கேட்க ஓடட்டும். ரம்பத்துக்கு முன்னால் போய் நிற்பது பற்றி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன், அது அவரவர் முடிவு. ஆனால் வேலைக்கு வந்த கூலியாட்களிடம் கோபத்தைக் காட்டாதீர்கள், அவர்களும் நம் மாதிரி பிழைக்க வந்தவர்கள்.

மரம் தப்பிவிட்டது என்றாலும் ஆறு மாதம் கண் வைத்திருங்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டை வளையமாக உரிக்கப்பட்டிருக்கிறதா, துளை போட்டு ஏதாவது ஊற்றிய தடம் இருக்கிறதா, வேர் மேல் கான்கிரீட் கலவையைக் கொட்டியிருக்கிறார்களா என்று வாரம் ஒரு முறை யாராவது சுற்றி வந்து பார்க்கட்டும். பட்டையை வளையமாக உரிப்பதும், மருந்து வைப்பதும், அளவுக்கு மேல் கிளை கழிப்பதும் சட்டத்தின் கண்ணில் மரத்தை வெட்டியதற்குச் சமம். அன்றைக்கே படம் எடுத்து, முன்பு கொடுத்த மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு, அதே மர அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள்.